பூட்டிக் கிடக்கும் தியேட்டரை மீட்பது எப்படி? மலையூர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ, பஜார் பக்கம் ஒரு பழைய தியேட்டர் பூட்டிக் கிடந்தால் அதைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். "பெயின்ட் அடிச்சு, சீட்டு மாத்தி, நல்ல சவுண்டு போட்டா கூட்டம் தானா வரும்" என்பார் ஒருவர். "தியேட்டர் காலம் முடிஞ்சு போச்சு, இடிச்சுட்டு காட்டேஜ் கட்ட வேண்டியதுதான்" என்பார் இன்னொருவர். இருவருக்கும் அந்த இடத்தின் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் தியேட்டர் எப்படிச் சாகிறது என்பது தெரியாமல், அதை எப்படி எழுப்புவது என்று பேசுகிறார்கள்.

தியேட்டர் என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு கட்டடம், படம் ஓட்டும் ஒரு தொழில், அங்கே போய் உட்காரும் ஊர்க்காரர்களின் பழக்கம். மூன்றும் வெவ்வேறு காரணத்தால் வெவ்வேறு வேகத்தில் கெடுகின்றன. மீட்கும்போதும் எதை முதலில் தொடுவது என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தெரியாமல் இறங்கினால் நல்ல மனதோடு போட்ட பணமும் சுவரோடு ஊறிப்போகும். நீலகிரியை மனதில் வைத்து அந்த வரிசையை இங்கே விளக்கப் பார்க்கிறேன். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

பூட்டியிருக்கிறது என்றால் ஆளில்லாத சொத்து என்று அர்த்தமில்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன். புல் முளைத்து, போஸ்டர் கிழிந்து தொங்கும் தியேட்டருக்கும் உரிமையாளர் உண்டு. கட்டியவர் இறந்திருப்பார். வாரிசுகளில் ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் வெளிநாட்டிலும் இருப்பார்கள். சொத்து பாகம் பிரியாமல் கிடக்கும். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வாடகைக்கு விடவும் முடியாது, அதன் பேரில் கடன் வாங்கவும் முடியாது. சில இடங்களில் கட்டடம் ஒருவருடையது, நிலம் நகராட்சியின் குத்தகை நிலம். சில இடங்களில் வழக்கு நடக்கும்.

ஆகவே முதல் வேலை பெயின்ட் கடைக்குப் போவதல்ல, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். ஆளில்லாத இடம்தானே என்று உள்ளே ஏறிக் குதித்துப் படமெடுப்பது அத்துமீறல். அதோடு, உளுத்த பால்கனித் தரை எந்த இடத்தில் ஆளைத் தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்று பார்வைக்குத் தெரியாது.

கட்டடத்தைக் கொல்வது மழை

சொந்த ஊரில் பூட்டிப்போட்ட வீட்டை இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். வீட்டில் ஆள் இருக்கும்போதும் ஓடு நழுவத்தான் செய்கிறது. ஆனால் அன்று இரவே சொட்டுச் சத்தம் கேட்கும், ஒரு வாளியை வைப்போம், மறுநாள் ஆளை ஏற்றிச் சரிசெய்வோம். ஆளில்லாத வீட்டில் அதே ஓடு நழுவினால் சொட்டுவதைக் கேட்க ஒருவரும் இல்லை. உத்தரம் நனைகிறது, கரையான் வருகிறது, அடுத்த மழைக்கு ஓடு ஒன்று என்பது ஒன்பதாகிறது. வீடு கெட்டது ஓட்டால் அல்ல. ஓடு நழுவியதைப் பார்க்க ஆள் இல்லாததால்.

தியேட்டரும் இப்படித்தான். ஒரு நாளைக்கு நான்கு காட்சி ஓடிய இடத்தில் ஒருவர் கூட்டுவார், ஒருவர் ஆபரேட்டர் அறைக்கு ஏறுவார், சீட்டு நனைந்தால் பால்கனியில் உட்கார்ந்தவரே கத்துவார். மூடிய மறுநாளிலிருந்து இந்தக் கண்களும் காதுகளும் போய்விடுகின்றன.

இனி மலையில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கலாம். இதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. சமவெளி அனுபவத்தை வைத்துக்கொண்டு இங்கே வருகிற பல கான்ட்ராக்டர்கள் தவறுவதும் இங்கேதான்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை அதிகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள் வராவிட்டாலும், ஜூன் முதல் டிசம்பர் வரை ஒரு கூரைக்கு ஓய்வென்பது கிடையாது.

மலையில் பழைய அரங்குகளின் கூரை பெரும்பாலும் தகரம். இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை துரு ஏறாது. ஆனால் தகட்டைச் சட்டத்தோடு பிணைக்க ஆணிக்கும் போல்டுக்கும் துளை போட்ட இடங்களில் பூச்சு உடைந்திருக்கும். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அடுத்து, இரண்டு கூரைச் சரிவுகள் சேருகிற இடத்தில் நீர் ஓட ஒரு தகரக் கால்வாய் வைத்திருப்பார்கள். பக்கத்துக் கற்பூர மரத்தின் இலையும் சில்வர் ஓக் இலையும் அதில் விழுந்து அடைக்கும். வருடத்துக்கு இருமுறை ஓர் ஆள் ஏறி இலையை அள்ளிப் போட்டால் போதும், தீர்ந்தது. அது நடக்காதபோது தேங்கிய நீர் கால்வாய் விளிம்பைத் தாண்டி உள்பக்கமாக இறங்கிச் சுவரின் தலையை நனைக்கிறது. கீழே நின்று பார்ப்பவருக்குச் சுவரில் ஒரு கறை மட்டும் தெரியும். மேலே சட்டத்தின் நுனி, சுவரில் உட்காரும் இடத்தில், உளுத்துப்போகத் தொடங்கியிருக்கும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் ஏறினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

கூரையே ஒழுகாவிட்டாலும் ஈரம் வரும். பகலில் வெயில் அடித்து உள்காற்று சூடாகும், மாலையில் மூடுபனி இறங்கும், இரவில் சுவரும் தகரமும் சில்லிட்டுப் போகும். ஈரமான காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது அதிலுள்ள நீராவி துளியாக மாறி ஒட்டிக்கொள்ளும். இதை ஈரப்படிவு என்று வைத்துக்கொள்வோம். படம் ஓடுகிற அரங்கில் கதவுகள் திறந்து மூடும், காற்று மாறும், துளி காயும். பூட்டிய அரங்கில் அது திரைத்துணியிலும் சீட்டு நாரிலும் இறங்கித் தங்கிவிடும்.

மூன்றாவது வழி பின்சுவர். மலையில் எந்தப் பெரிய கட்டடமும் சரிவை வெட்டித்தான் உட்கார்ந்திருக்கும். பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு வடிகால் இருக்க வேண்டும். அதில் மண் சரிந்து மூடிவிட்டால் மலையின் ஊற்று நீர் நேராகச் சுவருக்குள் வருகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பழைய சுவர்கள் கல்லோ செங்கல்லோ, சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். ஈரக்கறையைப் பார்த்த மேஸ்திரி அதன் மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசி, மினுமினுப்பான பெயின்டும் அடித்துவிடுகிறார். ஒரு வருடம் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. சுவருக்குள்ளேயே உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். "பெயின்ட் அடிச்சாப் போதும்" என்ற யோசனை ஏன் தவறு என்பது இப்போது புரிந்திருக்கும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேல்பூச்சை மாற்றினால் சுவர் முன்பைவிட வேகமாகக் கெடும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூடிய தியேட்டரின் முதல் எதிரி நீர். அது கூரை வழியாகவும், காற்று வழியாகவும், பின்சுவர் வழியாகவும் வருகிறது. மீட்பில் முதல் ரூபாய் கூரைக்கும் வடிகாலுக்கும் போக வேண்டும். சீட்டும் சவுண்டும் அப்புறம்.

காலி நாற்காலிக் கணக்கு

சரி, கட்டடம் மூடிய பிறகு கெட்டது. ஏன் மூடினார்கள்?

"கூட்டம் வரலை" என்பது பாதி பதில். ஒரே திரையும் ஒரே பெரிய கூடமும் கொண்ட அரங்கை ஒற்றைத் திரை அரங்கு என்கிறோம். நம் பழைய தியேட்டர்கள் எல்லாமே இந்த வகைதான். இதன் செலவில் பெரும்பகுதி எத்தனை பேர் வந்தாலும் மாறாது. நாற்பது பேர் உட்கார்ந்தாலும் நானூறு பேர் உட்கார்ந்தாலும் புரொஜெக்டர் விளக்கு அதே நேரம்தான் எரிகிறது, ஆபரேட்டருக்கு அதே சம்பளம்தான், கழிவறையைக் கழுவ அதே தண்ணீர்தான்.

கணக்குக்காக 500 இருக்கைகள் உள்ள ஒரு அரங்கை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு காட்சி என்றால் விற்பதற்கு 2,000 இருக்கைகள். காட்சிக்கு 40 பேர் வந்தால் விற்றது 160. நூறு இருக்கையில் எட்டுதான் நிரம்பியது. இந்த எட்டு சதவீதத்துக்குப் பெயர் நிரம்பல் விகிதம். அதே நாற்பது பேர் 150 இருக்கை உள்ள சிறிய அரங்குக்கு வந்திருந்தால் நிரம்பல் விகிதம் கால் பங்கைத் தாண்டியிருக்கும். வந்த ஜனம் ஒன்றுதான், செலவு மட்டும் வேறு. மல்டிபிளெக்ஸ் பிழைப்பது இந்த ரகசியத்தால்தான். அவர்களிடம் சின்னச் சின்ன அரங்குகள் பல இருக்கின்றன, கூட்டம் குறைகிற படத்தைச் சின்ன அரங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

வருகிற பணத்திலும் தியேட்டருக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. வரி போக, டிக்கெட் பணத்தை விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும் ஒப்புக்கொண்ட சதவீதத்தில் பிரித்துக்கொள்வார்கள். இதுதான் ஷேர். பெரிய படமென்றால் சில நேரம் எம்.ஜி. கேட்பார்கள். அதாவது, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தொகை தந்தே ஆக வேண்டும் என்ற உத்தரவாதம். படம் படுத்தால் அந்த நஷ்டம் முழுக்கத் தியேட்டர்காரர் தலையில். இரண்டு பெரிய படங்கள் இப்படிக் கைவிட்டால் அந்த வருடம் கூரைக்கு ஆள் ஏற்றும் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். தொழிலின் நோய் கட்டடத்துக்குத் தொற்றுகிற இடம் அது.

மலையூருக்கு மட்டும் உரிய சங்கடங்களும் உண்டு. இரவுக் காட்சி விட்டு வீடு போக பஸ் இருக்காது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருட்டிய பிறகு கரடியும் காட்டெருமையும் குடியிருப்புக்குள் நடமாடுவது வழக்கமாகிவிட்டது. எஸ்டேட்டிலிருந்து குழந்தைகளோடு வருகிற குடும்பம் செகண்ட் ஷோவுக்கு வராது. நான்கு காட்சி என்பது காகிதத்தில்தான். ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. சமவெளித் தியேட்டரின் மின்கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்கும் ஏசி இங்கே தேவையில்லை. அதை நம்பி ஜன்னலையெல்லாம் அடைத்துவிடக் கூடாது. ஈரப்படிவு போக இங்கே காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

படச்சுருள் போன கதை

இதைச் சொல்லாமல் உதகையில் தியேட்டர் பற்றிப் பேச முடியாது. பழைய படம் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் வந்தது. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள்; நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு பிரதி எடுக்கவே நிறைய செலவானதால் எண்ணிக்கை குறைவு. பிரதிகள் முதலில் பெருநகரத்து ஏ சென்டர்களில் ஓடும், பிறகு சிறு நகரங்களும் சிற்றூர்களுமான பி, சி சென்டர்களுக்கு நகரும். மலைக்கு வருவதற்குள் கீழே கோயம்புத்தூரில் படம் பார்த்து முடித்திருப்பார்கள், சுருளில் கீறலும் விழுந்திருக்கும்.

அந்தச் சுருள் தொழிலில் உதகைக்கே ஒரு பங்கு இருந்தது. தூசு குறைந்த, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக மத்திய அரசு தன் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை இங்கே நிறுவியது. 1960இல் நிறுவனம் தொடங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றார்கள். இந்து நகர் என்ற இடப்பெயர் அதனால் வந்ததுதான். டிஜிட்டல் வந்து அந்த ஆலையும் மூடப்பட்டது. நீலகிரியில் கைவிடப்பட்ட இடம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் மனதில் வருவது அங்கே வேலை பார்த்த குடும்பங்கள்தான்.

டிஜிட்டலில் படம் பூட்டுப் போட்ட கணினிக் கோப்பாக வருகிறது. எந்தத் தியேட்டரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓட்டலாம் என்பதை ஒரு சாவி முடிவு செய்கிறது. இந்தச் சாவியும் இன்னொரு கோப்புதான். இதனால் சென்னையில் வெளியாகும் அதே காலையில் கோத்தகிரியிலும் வெளியாகலாம். சி சென்டரின் பழைய குறை தீர்ந்தது. ஆனால் புது புரொஜெக்டரும் சர்வரும் வாங்க வேண்டும். பணமில்லாதவர்கள் அந்தக் கருவிகளை சேவை நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர் அந்த நிறுவனங்களுக்கு ஒரு கட்டணம் கட்டும் முறையும் வந்தது. அதைக் குறைக்கச் சொல்லித்தான் 2018இல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் மார்ச் முதல் வாரக்கணக்கில் புதுப்படம் வெளியிடாமல் நிறுத்தினார்கள். ஏற்கெனவே தள்ளாடிய சிறு தியேட்டர்களுக்கு அந்த வெறும் வாரங்கள் பெரிய அடி.

மூன்று விதமான வேலைகள்

"புதுப்பிக்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் செலவும் முடிவும் வேறு.

மீட்டமைப்பு என்பது கட்டடத்தை அதன் பழைய நிலைக்கே கொண்டுவருவது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, தேக்குக்குத் தேக்கு. புதுப்பிப்பு என்பது பயன்பாட்டை மாற்றாமல் இன்றைய வசதிகளைச் சேர்ப்பது: புதிய வயரிங், டிஜிட்டல் புரொஜெக்டர், நல்ல கழிவறை. மறுபயன்பாடு என்பது கட்டடத்தை வைத்துக்கொண்டு உள்ளே நடக்கும் வேலையை மாற்றுவது.

மறுபயன்பாடு என்றதும் கல்யாண மண்டபம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது மட்டுமே வழி இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டரை 1915இல் அஞ்சல் துறை வாங்கியது. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கான பிரிவாக இருக்கிறது. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் 1919இல் திறந்த ஒரு நாடக அரங்கு 2000இல் புத்தகக் கடையானது. பால்கனிகளில் புத்தக அலமாரிகள், மேடையில் காபிக் கடை.

எதிர்மாதிரியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1926இல் கட்டிய மிச்சிகன் தியேட்டரை இடித்தால் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஆபத்து என்று தெரிந்தது. உள்ளே மூன்று அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். இப்போதும் சிற்ப வேலைப்பாடு உள்ள மேற்கூரைக்குக் கீழே கார்கள் நிற்கின்றன. கட்டடம் பிழைத்தது. ஊர்க்காரர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நம் உதகையின் அசெம்பிளி ரூம்ஸ் இன்னொரு பாடம். ஆங்கிலேயர் காலத்துக் கேளிக்கைக் கூடமாக இருந்து, பிறகு சினிமா அரங்கானது. அதாவது மறுபயன்பாட்டால்தான் அது தியேட்டராகவே ஆனது. சென்னை மாகாண ஆளுநரின் மனைவி வில்லிங்டன் சீமாட்டியின் கொடையாக வந்து, அறக்கட்டளைச் சொத்தாக நடந்துவந்திருக்கிறது. வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடியாத, லாபத்துக்காக விற்க முடியாத ஏற்பாடு அது. பழைய தியேட்டரைப் பொதுநோக்கில் காப்பாற்ற நினைப்பவர்கள் படிக்க வேண்டிய முன்மாதிரி உள்ளூரிலேயே இருக்கிறது.

இடித்தால் திரும்பக் கட்ட முடியாது

"இடிச்சுட்டு புதுசாக் கட்டலாம்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 1990களிலிருந்தே உண்டு. மண்சரிவுக்கும், காட்டையும் தேயிலையையும் கான்கிரீட் விழுங்குவதற்கும் போட்ட தடை அது. தேவையான தடையும்கூட. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் பல இடங்களில் வேண்டும்.

பால்கனியும் பெரிய திரையும் கொண்ட ஒரு கூடத்துக்கு உள்ளே மட்டுமே பெரும்பாலும் 7 மீட்டருக்கு மேல் வேண்டும். கூரைச் சரிவு தனி. விதிகள் வருவதற்கு முன் கட்டிய பழைய தியேட்டரிடம் அந்த உயரம் ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் தூண் இல்லாத, நானூறு ஐந்நூறு பேர் ஒன்றாக உட்காரக்கூடிய, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரக்கூடிய ஒரு கூடம். அதை இடித்தால் அதே அளவில் இன்னொன்றை எழுப்ப இன்றைய விதி இடம் தராது. இடிக்கிறவர் இழப்பது பழைய செங்கல்லை அல்ல, மலையில் இனி யாருக்கும் கிடைக்காத ஒரு வெற்றிடத்தை.

சுருக்கமாக: சமவெளியில் பழைய தியேட்டரின் மதிப்பு அதன் நிலத்தில் இருக்கிறது. மலையில் அதன் மதிப்பு உள்ளே இருக்கும் உயரத்திலும் அகலத்திலும் இருக்கிறது.

உரிமமும் உயிரும்

படம் ஓட்டத் தமிழ்நாடு திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1955இன் கீழ் உரிமம் வேண்டும். அதைத் தொழிலில் சி படிவம் என்பார்கள். மாவட்ட ஆட்சியர் தருவது. கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய துறை பார்த்துச் சான்று தர வேண்டும். நீண்ட நாள் மூடிய தியேட்டருக்குப் பழைய தாளைத் தூசு தட்டிக் காட்டினால் போதாது.

இதை இழுத்தடிப்பு என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் மின்மாற்றியில் பிடித்த தீயால் 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பால்கனியில் வெளியேற வழியில்லாமல் புகையில் மூச்சுமுட்டி இறந்தவர்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, அடைபடாத நடைபாதை, இருட்டில் தெரியும் வழிவிளக்கு எல்லாம் இதற்காகத்தான். பழைய மரச்சட்டத்துக்குள் ஓடும் வயர்களை முழுதாகப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். இதில் மட்டும் பாதி வேலை என்பது கூடாது. மேற்கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் பலகை இருந்தால் சுத்தியலால் உடைத்து இறக்கக் கூடாது. அதன் நார்த்தூசு நுரையீரலில் தங்கி நாள்பட்ட நோயைத் தரும். நனைத்து, முழுப் பலகையாக, முகக்கவசத்தோடு இறக்க வேண்டும்.

சவுண்டு சரியில்லை என்பதன் பொருள்

கையைத் தட்டிவிட்டு நிறுத்தினாலும் பெரிய கூடத்தில் ஓசை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்க எடுக்கும் நேரத்தை ஒலி நீட்சி என்போம். கூடம் பெரிதானால் நீட்சி கூடும். ஓசையை உறிஞ்சும் துணி, மெத்தை, மனித உடல் இருந்தால் குறையும். நீட்சி அதிகமானால் ஒரு வசனத்தின் வால் அடுத்த வசனத்தின் தலையில் ஏறிக் குழம்பிவிடும். காலியான தியேட்டரில் வசனம் புரியாமல் போவதும், ஹவுஸ்ஃபுல் நாளில் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான்.

ஆகவே விலையுயர்ந்த ஸ்பீக்கரை வாங்கி வெறும் சுவருக்கு நடுவில் வைப்பது வீண். முதலில் சுவரிலும் மேற்கூரையிலும் ஓசையை உறிஞ்சும் அடுக்கு வேண்டும். மலையில் இன்னொன்றும் சேரும்: தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த ஸ்பீக்கரும் தோற்கும். தகரத்துக்குக் கீழே ஒரு தடுப்பு அடுக்கு போட்டால் மழைச்சத்தமும் குறையும், தகரம் சில்லிட்டு ஈரம் படிவதும் குறையும். அந்த அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போக இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் அதற்குள் பதுங்கிவிடும்.

எங்கே தொடங்குவது

முழு அரங்கும் தயாரான பிறகுதான் திறக்க வேண்டும் என்று நினைப்பது பெரிய தடை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மையத்தில் 1920களில் கட்டிய தியேட்டர்கள் வரிசையாக 1960களின் இறுதியில் மூடப்பட்டன. ரே ஷெப்பர்ட்சன் என்ற கல்வித்துறை ஊழியர் 1970இல் அவற்றைக் காப்பாற்ற இறங்கினார். பெரிய அரங்குகளைச் சரிசெய்யப் பணமில்லை. 1973இல் ஸ்டேட் தியேட்டரின் நீளமான முன்கூடத்தில் மட்டும் மேசை நாற்காலி போட்டு ஒரு சிறிய இசை நிகழ்ச்சியை நடத்தினார்கள். சில வாரங்கள் என்று நினைத்தது இரண்டு வருடம் ஓடியது. ஜனங்கள் மறுபடி அந்தப் பக்கம் வந்து பழகினார்கள். அதன் பிறகே அரங்குகள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. பழக்கம் முதலில் திரும்பியது, பணம் அதன் பின்னால் வந்தது.

நம் ஊரில் இதை எப்படிச் செய்யலாம்? கூரையும் வயரிங்கும் முடிந்ததும், டிக்கெட் கவுன்டர் இருக்கும் முன்கூடத்தைத் திறக்கலாம். ஒரு டீக்கடை, சனி ஞாயிறு புத்தக விற்பனை, பள்ளிப் பிள்ளைகளின் ஓவியம், ஊரின் பழைய புகைப்படங்கள். பெரிய கூடத்தில் 500 இருக்கையையும் திரும்பப் போட வேண்டியதில்லை. பால்கனியை மட்டும் நூற்றைம்பது பேருக்கான சினிமாவாக ஆக்கி, கீழ்த்தளத்தைப் படுக மொழி நாடகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் கூட்டங்களுக்கும் விட்டுவிடலாம். முன்பு சொன்ன நிரம்பல் விகிதக் கணக்கு அப்போது நம் பக்கம் திரும்பும். படக்காட்சியை மாலையில் சீக்கிரமே தொடங்கி, கடைசி பஸ்ஸுக்கு முன் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு விடுமுறை. அன்று பகல் காட்சிதான் வாரத்தின் முக்கியமான காட்சி.

சீசன் கூட்டத்தை நம்பிக் கணக்குப் போடுவதை நான் ஏற்கவில்லை. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் வர இ-பாஸ் வேண்டும். இரண்டு நாள் தங்க வருகிறவர் தொட்டபெட்டாவுக்கும் படகு இல்லத்துக்கும் போவார், தியேட்டருக்கு வர மாட்டார். நவம்பர் குளிரிலும் வரக்கூடியவர்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட்டும் தின்பண்டமும் இருந்தாக வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கேன்டீனில் குடிநீர்க் குழாய் வைப்பதையும் முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

கடைசியாக, ஒப்பந்தம். உரிமையாளர்கள் பயந்துகொண்டு பதினொரு மாத வாடகை ஒப்பந்தம்தான் தருவார்கள். பதினொரு மாதத்தில் போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்தால் எந்த வாடகைதாரரும் கூரையைத் தொட மாட்டார், பெயின்ட் மட்டும்தான் அடிப்பார். பத்து வருடத்துக்குக் குறையாத, முறையாகப் பதிவு செய்த குத்தகை வேண்டும். கூரைக்கும் வடிகாலுக்கும் ஆகும் செலவை வாடகையில் கழித்துக்கொள்வது என்று அதில் எழுதிக்கொள்ளலாம். இதற்கு எல்லா வாரிசுகளும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். பிப்ரவரியில் அந்தப் பேச்சை ஆரம்பித்தால், ஜூன் மழைக்கு முன் கூரை மேல் ஆள் ஏற்றிவிடலாம்.